நிதான ஒன்றியத்தின் பதினோராவது கடல் மாநாடு

ரவுனோ சிப்போனன் குடியை விட்டுப் பதினான்கு மாதம் ஆகியிருந்தபோது, அவர் குடிகாரர்தான் என்பதற்குச் சான்று கேட்டு ஒரு கடிதம் வந்தது.

அனுப்பியது, 'தென்மேற்குக் கரையோரப் போதை ஒழிப்பு மற்றும் நிதான மேம்பாட்டு ஒன்றியம்'. இந்தப் பெயரைத் தடுமாறாமல் சொல்லி முடிப்பவனை ஊதச் சொல்ல வேண்டியதில்லை என்று துர்க்கு நகரத்து பஸ் ஓட்டுநர்கள் பேசிக்கொள்வார்கள். சுருக்கமாக நிதான ஒன்றியம். கடிதத்தில் அழகான முத்திரை இருந்தது: கவிழ்த்து வைத்த ஒரு கோப்பை. ஏப்ரலில் நடக்கவிருக்கும் பதினோராவது மாநாட்டில் ரவுனோ 'அனுபவ நிபுணர்' என்ற தகுதியில் பன்னிரண்டு நிமிடம் பேச வேண்டும், தமது அனுபவத்தை உறுதிசெய்யும் ஆவணங்களை இணைக்க வேண்டும் என்று எழுதியிருந்தது.

ரவுனோ கப்பல் கட்டும் தளத்தில் முப்பது வருடம் வெல்டிங் வேலை செய்தவர். இப்போது நகராட்சிப் பட்டறையில் பழைய சைக்கிள்களைச் சரிசெய்கிறார். அறுபத்தொரு வயதில் முதல்முறையாகத் தன்னை நிபுணர் என்று ஒருவர் அழைத்ததில் அவருக்குச் சந்தேகம் தட்டியது. கடிதத்தின் அடியில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தார். எடுத்தது பிர்யோ என்ற ஒருங்கிணைப்பாளர்.

"நான் இப்போ குடிக்கறதில்லைங்க."

"அது பரவால்ல. முன்னாடி குடிச்சீங்களா?"

"குடிச்சேன்."

"எவ்வளவு?"

"ரொம்ப."

"ரொம்பன்னு எழுதப் படிவத்துல இடமில்ல. யாராவது பார்த்திருக்காங்களா?"

"ஊரே பார்த்துச்சுங்க."

"ஊர்கிட்ட ரப்பர் ஸ்டாம்ப் இருக்கா?"

இல்லை என்பதால் ரவுனோ அலைய வேண்டியதாயிற்று. காவல் நிலையத்தில் இரவு தங்கியதற்கான நான்கு சீட்டுகள் கிடைத்தன. ஆஸ்பத்திரியில் ஒரு கடிதம் கிடைத்தது. முன்னாள் மனைவியிடம் ஒரு வரி எழுதித் தரும்படி கேட்டார். அவள் ஆறு பக்கம் எழுதி, பின்னிணைப்பும் சேர்த்துத் தந்தாள். எல்லாவற்றையும் பரிசீலித்த ஒன்றியம், 'தங்கள் தகுதி ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டுள்ளது, வாழ்த்துகள்' என்று பதில் போட்டது.

இவ்வளவு தொல்லைக்கும் அவர் உடன்பட்டதற்குக் காரணம் ஒன்றுதான். மாநாடு நடக்கும் இடம் ஒரு கப்பல். காலையில் துர்க்குவில் புறப்பட்டு, மாலை ஆறே முக்காலுக்கு ஸ்டாக்ஹோம் போய்ச் சேரும். ஸ்டாக்ஹோமில் அவர் மகள் ரீக்கா இருந்தாள். பல் ஆஸ்பத்திரியில் வேலை. நான்கு வருடமாக அவள் அப்பாவோடு பேசவில்லை. மூன்று வயதில் பேத்தி ஒருத்தி இருப்பதை முன்னாள் மனைவி சொல்லித்தான் அவருக்குத் தெரியும்.

ரவுனோ ஐந்து நாள் யோசித்து மகளுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினார். பதினோரு நாள் கழித்துப் பதில் வந்தது.

'துறைமுகத்துக்கு வரேன். குடிக்காம வா. கொஞ்சம் வாடை அடிச்சாலும் திரும்பிப் போயிடுவேன். அதுக்கப்புறம் வேற தடவை கிடையாது.'

அதை அவர் பட்டறையில் நின்றபடி படித்தார். பிறகு, சரியாகவே இருந்த ஒரு சைக்கிளைக் கழற்றி மறுபடி மாட்டினார்.

*

மாநாட்டன்று காலை எட்டு மணிக்குக் கப்பலின் நடைபாலத்துக்கு முன்னால் பிர்யோ ஒரு பெரிய கோப்புக் கட்டை அணைத்துக்கொண்டு நின்றாள். நாற்பது வயதிருக்கும். மூக்கு நுனியில் கண்ணாடி. வந்தவர்கள் கழுத்தில் எல்லாம் நீல அட்டையை மாட்டினாள். ரவுனோவுக்குச் சிவப்பு அட்டை.

"எனக்கு மட்டும் ஏன் சிவப்பு?"

"அனுபவ நிபுணருக்குச் சிவப்பு. ஊழியர்களுக்கு நீலம். நீலத்துக்கு ரெண்டு மதுக் கூப்பன் உண்டு. உங்களுக்கு ஒரு ஆப்பிள் ஜூஸ் கூப்பன்."

"போதை ஒழிப்பு மாநாட்டுல மதுக் கூப்பனா?"

"அது கப்பல்காரங்க கொடுக்கறதுங்க. வேணாம்னா ஒவ்வொருத்தரும் தனித்தனியா மனு போடணும். மூணு வாரம் ஆகும்." அவள் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "அப்புறம் மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை நீங்க எங்கிட்ட வந்து ஊதணும். உங்க பயணச் சீட்டும் என் கோப்புலதான் இருக்கும். இறங்கும்போது தருவேன்."

"எல்லாரும் ஊதணுமா?"

"சிவப்பு மட்டும். நீலம் எதுக்குங்க ஊதணும்? அவங்கதான் ஊழியர்களாச்சே."

ரவுனோ சுற்றுமுற்றும் பார்த்தார். எங்கும் நீலம். "வேற சிவப்பே இல்லையா?"

பிர்யோ பெருமூச்சு விட்டாள். "போன வருஷம் மூணு பேர் இருந்தாங்க. ஒருத்தருக்கு வேலை கிடைச்சிடுச்சு. இன்னொருத்தர் கல்யாணம் பண்ணிக்கிட்டார். மூணாவது ஆள் நீச்சல் கத்துக்கப் போறேன்னு சொல்லிட்டார். எல்லாரும் இப்படி எங்க கையை விட்டுப் போயிட்டே இருந்தா நாங்க எப்படித்தாங்க மாநாடு நடத்தறது?"

முதல் சோதனையை அங்கேயே முடித்தார்கள். சுழியம். பிர்யோ அதைக் கோப்பில் எழுதிவிட்டு, 'காலை வேளை என்பதால்' என்று அடைப்புக்குறிக்குள் சேர்த்துக்கொண்டாள்.

மாநாட்டுக் கூடம் ஏழாவது தளத்தில், நடன அரங்குக்கும் மதுக்கூடத்துக்கும் நடுவில் இருந்தது. கப்பல் துறைமுகத்தை விட்டு நகர்ந்ததும் இயக்குநர் டாக்டர் உர்ப்போ மேடை ஏறினார். ஆறடி உயரம், வெள்ளித் தாடி, கழுத்துப்பட்டை முழுக்கக் குட்டிக்குட்டியாகக் கவிழ்ந்த கோப்பைகள்.

"நண்பர்களே! தரையில மாநாடு நடத்திக்கிட்டிருந்த காலத்தை நினைச்சுப் பாருங்க. நாற்பது நாற்காலி போட்டா ஏழு பேர் வருவாங்க. அந்த ஏழுல மூணு பேர் சிற்றுண்டிக்காரங்க. கப்பலுக்கு மாத்தினோம். இன்னைக்கு இடம் கிடைக்காம முப்பது பேர் கரையில நின்னு அழறாங்க! இது எதைக் காட்டுது? மதுப் பிரச்சினையில நம்ம ஊழியர்களுக்கு இருக்கற ஆழமான ஈடுபாட்டைக் காட்டுது!"

கைதட்டல் கூரையைத் தொட்டது. பரிசாரகர்கள் நுரை பொங்கும் வெள்ளை ஒயினைத் தட்டுகளில் கொண்டுவந்தார்கள். ரவுனோவின் கழுத்தைப் பார்த்த பரிசாரகன், தட்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு அவரைச் சுற்றிப் போனான்.

"ஒரு சிலர் கேட்பாங்க, ஒழிப்பு மாநாட்டுல இது எதுக்குன்னு," என்றார் உர்ப்போ, கோப்பையை உயர்த்தி. "அவங்களுக்கு வித்தியாசம் தெரியல. குடிங்கறது தனியா செய்யறது. நாற்பத்திரண்டு பேர் சேர்ந்து செஞ்சா அது அமர்வு. நிதானத்துக்காக!"

"நிதானத்துக்காக!" என்று நாற்பத்தொரு குரல்கள் முழங்கின. மணி ஒன்பதரை.

அடுத்துப் பேசியவர் புள்ளிவிவரப் பிரிவின் தலைவர் கவுக்கோ. ஒல்லியான மனிதர். தண்ணீர் பாட்டிலோடு மேடைக்கு வந்தார். திரையில் ஒரு வட்டம் தெரிந்தது. அதில் ஒரு துண்டு மட்டும் சிவப்பு.

"நம்ம ஆய்வுப்படி ஏழு பேர்ல ஒருத்தர் ஆபத்தான அளவுக்குக் குடிக்கறார். இதுல கொடுமை என்னன்னா, அவருக்கே அது தெரியாது. பக்கத்துல இருக்கறவருக்கும் தெரியாது. ஏன்னா அவரும் குடிச்சிருப்பார். வேலை பார்க்கறவங்க, படிச்சவங்க, நல்லாத் துணி உடுத்தறவங்க, எங்கேயும் இருக்காங்க. உதாரணமா இந்தக் கூடத்துல நாற்பத்திரண்டு பேர் இருக்கோம். கணக்குப்படி இங்கே ஆறு பேர் இருந்தாகணும்."

நாற்பத்தொரு தலைகள் மெதுவாகத் திரும்பி ரவுனோவைப் பார்த்தன.

"ஆமா, ஒருத்தர் இருக்கார்," என்றார் கவுக்கோ. "மீதி அஞ்சு பேர் எங்கே?"

யாருக்கும் தெரியவில்லை. மேசைக்கு அடியில்கூட ஒருவர் குனிந்து பார்த்தார். கடைசியில் முன்வரிசை அம்மையார் ஒருத்தி கையைத் தூக்கினாள். "பதிவு பண்ணிட்டு வராமப் போயிட்டாங்களோ என்னவோ?"

"இருக்கலாம். இந்த மாதிரி ஆட்களோட பெரிய சிக்கலே அதுதான். பொறுப்பு கிடையாது." 'குடிநோயாளர் ஐவர் வருகை தரவில்லை' என்று குறிப்பேட்டில் பதிவானது.

ரவுனோவும் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். இருபத்தெட்டு வருடக் குடி அவர் கண்ணுக்கு ஒரு பழக்கத்தைக் கொடுத்திருந்தது. கோப்பை காலியாவதற்கு முன்பே பரிசாரகனைத் தேடுகிற பார்வை. பக்கத்துக் கோப்பையில் எவ்வளவு மீதி என்று அளக்கிற பார்வை. கைப்பையைத் தூக்கிக்கொண்டு அடிக்கடி கழிப்பறைக்குப் போகிற அவசரம். அவர் கணக்கில் ஐந்து பேர் இல்லை, பதினொருவர் வந்தார்கள். கவுக்கோவின் பாட்டிலில் இருந்ததும் தண்ணீர் இல்லை. தண்ணீரை யாரும் அவ்வளவு சின்னச் சின்ன மடக்காக, கண்ணை மூடிக் குடிப்பதில்லை. 'இந்த ஆள் வீட்டுல யாருக்காவது தெரியுமா' என்று ஒரு கணம் தோன்றியது ரவுனோவுக்கு. பதினோரு மணி ஆகியிருந்தது. எழுந்து ஊதப் போனார். சுழியம்.

*

நண்பகலில் 'எதிரியை அறிவோம்' என்ற பயிற்சிப் பட்டறை. இடம், கப்பலின் வரியில்லாக் கடை. ஊழியர்கள் ஆளுக்கொரு தள்ளுவண்டியோடு வரிசையில் நின்றார்கள். பிர்யோ ரவுனோவை முன்னால் நிறுத்தினாள்.

"நிபுணர் நமக்கு எது எது ஆபத்துன்னு விளக்குவார். எல்லாரும் குறிப்பு எடுங்க."

ரவுனோ இதை நம்பினார். அலமாரி அலமாரியாக நடந்தார். ஒரு தெளிந்த சாராயப் புட்டியின் முன்னால் நின்றார்.

"இதுதாங்க ரொம்ப மோசம். விலை கம்மி. வாடை அவ்வளவா வராது. காபி குடுவையில ஊத்திக்கிட்டு வேலைக்குப் போலாம், கண்டுபிடிக்க முடியாது. என்னைக் கவுத்தது இதுதான்."

"வாடை வராதா?" என்று மூன்று பேர் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

"வராது. அதனாலதான் ஆபத்து."

பேனாக்கள் ஓடின. பிறகு கைகள் நீண்டன. ரவுனோ திரும்பிப் பார்த்தபோது அந்த அலமாரி காலி.

"என்னங்க இது, எடுக்கவா சொன்னேன்?"

"மாதிரி சேகரிப்பு," என்றார் கவுக்கோ, நான்காவது புட்டியை வண்டியில் படுக்க வைத்தபடி. "ஒரே ஒரு மாதிரியை வெச்சு முடிவுக்கு வரக்கூடாது. ஆய்வுல அது அடிப்படை."

இந்த மதுபானக் கலவை தித்திப்பாக இருக்கும், அளவு தெரியாமல் உள்ளே போய்விடும் என்று ரவுனோ எச்சரித்தார். அந்த அலமாரியும் காலியானது. பீர் டின்களை அடுக்கடுக்காக வாங்கி வீட்டில் வைத்தால், இருப்பது தீரும்வரை தூக்கம் வராது என்றார். "அடுக்கா வாங்கினா தள்ளுபடி உண்டா?" என்று முன்வரிசை அம்மையார் கேட்டாள். அதன்பிறகு ரவுனோ வாயைத் திறக்கவில்லை. ஆனால் அவர் பார்வை எந்தப் புட்டியில் விழுகிறதோ அதுவும் வண்டியில் ஏற ஆரம்பித்ததால், தரையைப் பார்த்துக்கொண்டே வெளியே வந்தார். கடை மேலாளர் பின்னால் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டான். "ஐயா, நீங்க மறுபடி எப்போ வருவீங்க?"

மதியச் சாப்பாட்டுக் கூடத்தில் நடுநாயகமாக நான்கு குழாய்கள். இரண்டில் ஒயின், இரண்டில் பீர். சாப்பாட்டுச் சீட்டு வைத்திருப்பவர்கள் வேண்டிய மட்டும் பிடித்துக்கொள்ளலாம். டாக்டர் உர்ப்போ பீர்க் குழாயின் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு, சுற்றி நின்றவர்களுக்கு விளக்கினார்.

"சுயக்கட்டுப்பாடுன்னா என்ன? குழாயைத் திறக்காம இருக்கறதா? அது கோழைத்தனம். திறந்துட்டு மூடறதுதான் சுயக்கட்டுப்பாடு. பாருங்க, திறக்கறேன். மூடறேன். மறுபடி திறக்கறேன்."

மறுபடி மூடியது பின்னால் நின்ற சமையற்காரர்.

ரவுனோ தட்டில் ஹெர்ரிங் மீனும் உருளைக்கிழங்கும் வைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது ஒன்றைக் கவனித்தார். அவருடைய வலது கை தன்னிஷ்டத்துக்கு ஒரு கண்ணாடித் தம்ளரை எடுத்துக் குழாய்க்கு அடியில் பிடித்திருந்தது. அவர் எடுக்கவில்லை. கைதான் எடுத்தது. பீர் வாடை மூக்கின் வழியாக ஏறி, பழைய வீட்டுக்குள் நுழைகிறவன்போல நேராக உள்ளே போயிற்று. விளக்கு எங்கே, நாற்காலி எங்கே என்று அதற்கு எல்லாம் தெரிந்திருந்தது. யாரும் பார்க்கவில்லை. ஒரே ஒரு தம்ளர். ஆறே முக்காலுக்குள் வாடை போய்விடும். மேலே மீன் தின்றால் இன்னும் நல்லது. இந்த நாட்டிலேயே மிகக் கெட்டிக்காரக் கணக்கன் அந்தக் கணத்தில் அவர் தலைக்குள் உட்கார்ந்து பேசினான்.

தம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தட்டோடு மேல்தளத்துக்குப் போனார். ஆலந்துத் தீவுகளின் செம்பாறைகள் இரண்டு பக்கமும் போய்க்கொண்டிருந்தன. ஏப்ரல் காற்று காதைக் கடித்தது. நின்றுகொண்டே மீனைத் தின்றார். உருளைக்கிழங்கில் பாதியைக் காற்றும் மீதியைக் கடற்புள்ளும் கொண்டுபோயின. பீர் வாடை மூக்கை விட்டுப் போகும்வரை உள்ளே வரவில்லை.

*

மூன்று மணிக்கு 'அனுபவத்தின் குரல்'. கூடத்தில் பதினாறு பேர் மிச்சம். அவர்களில் ஐந்து பேர் தூங்கினார்கள். மற்றவர்கள் நடன அரங்கில் இருந்தார்கள். சுவர் வழியாக, 'நிதானம் எங்கள் உயிர்மூச்சு' என்ற ஒன்றியத்தின் கீதம் டாங்கோ தாளத்தில் கேட்டது.

ரவுனோ ஒரு தாளைப் பிரித்து, மடித்துப் பையில் வைத்தார்.

"என் பொண்ணு பள்ளிக்கூடம் முடிச்ச அன்னைக்கு வீட்டுல விருந்து. பள்ளி முடிச்சவங்க போடற வெள்ளைத் தொப்பியைப் போட்டுக்கிட்டு நின்னா. நான் காலையிலேர்ந்து ஆரம்பிச்சிருந்தேன். சாண்ட்விச் கேக், இவ்வளவு பெருசு, மேலே இறால் எல்லாம் அடுக்கி, அவ அம்மா ரெண்டு நாள் செஞ்சது. நான் போய் அது மேல உட்கார்ந்துட்டேன். உட்கார்ந்தது கூடப் பெரிசில்ல. உட்கார்ந்துக்கிட்டே சிரிச்சேன். யாரும் சிரிக்கல. சிரி தங்கம், சிரின்னு ஒவ்வொருத்தரையாக் கட்டிப்பிடிச்சுக் கொஞ்சினேன். என் பொண்ணு தொப்பியைக் கழட்டி மேசையில வெச்சா. அவ்வளவுதான். மத்ததெல்லாம் அப்புறம் மத்தவங்க சொல்லித் தெரிஞ்சுக்கிட்டது. எனக்கு அந்த நாள்ல ஞாபகம் இருக்கறது அந்தத் தொப்பி மட்டும்தான்."

தூங்கிக்கொண்டிருந்தவர்களில் இருவர் விழித்திருந்தார்கள். கவுக்கோ தன் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகினார். திறக்கவில்லை, இறுக்கமாக மூடினார். ஒரு நிமிடம், உண்மையாகவே ஒரு நிமிடம், அந்தக் கூடம் மாநாடாக இருந்தது.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு டாக்டர் உர்ப்போ வந்தார். கடைசி வாக்கியம் மட்டும் காதில் விழுந்திருக்க வேண்டும். கண்ணில் நீர் மல்கியது. "தொப்பி! ஆஹா! இதுதான் நம்ம ஒன்றியம்!" என்று அலறி, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு ஓடிவந்து ரவுனோவைக் கட்டிக்கொண்டார். ஒரு கையில் பழக்கலவை மது நிறைந்த பெரிய கிண்ணம் இருந்தது. அது ரவுனோவின் சட்டை, கோட்டு, முழங்கால்வரை நனைத்தது. காதில் ஒரு ஆரஞ்சுத் துண்டு தங்கியது.

ரவுனோ கழிப்பறையில் கோட்டை மூன்று முறை அலசினார். கோட்டு முன்னைவிடப் பலமாக மணத்தது.

ஐந்து மணிக்குக் கடைசிச் சோதனை. பிர்யோ கரோக்கே மேடைக்குப் பக்கத்தில், கோப்பின் மேல் கன்னத்தை வைத்து உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி மூக்கில் இல்லை, கழுத்து அட்டையில் தொங்கியது. ரவுனோ ஊதினார். சுழியம்.

பிர்யோ அவரை முகர்ந்து பார்த்தாள். கருவியைப் பார்த்தாள். மறுபடி முகர்ந்தாள்.

"இது நடக்காது. இந்தக் காத்துல சும்மா மூச்சு விட்டாலே சுழியம் வராதே. மெஷின் கெட்டுப்போச்சு."

"கெடலைங்க. நான் குடிக்கல."

"சிவப்பு அட்டை சொல்றதை ஆதாரமா எடுத்துக்கக் கூடாது, விதி இருக்கு. இருங்க, நம்பகமான ஆள்கிட்ட சரிபார்ப்போம். டாக்டர்! இங்க ஒரு தடவை ஊதுங்க!"

உர்ப்போ பாட்டை நிறுத்திவிட்டு வந்து ஊதினார். கருவி பீப் அடித்தது. ஒன்று புள்ளி ஒன்பது.

"பார்த்தீங்களா!" பிர்யோ வெற்றியோடு கத்தினாள். "இயக்குநருக்கே ஒண்ணு புள்ளி ஒம்பது காட்டுது! அடியோட கெட்டுப்போச்சு!"

"வெட்கக்கேடு," என்றார் உர்ப்போ, ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு. "அரசாங்கம் வாங்கிக் கொடுக்கற கருவி எல்லாம் இந்த லட்சணம்."

கோப்பில் பதிவானது: 'கருவிப் பழுது. சிவப்பு அட்டை நபரின் நிதானம் ஐயத்துக்குரியது.' அதற்கு ஒரு விதி இருந்தது. ஐயத்துக்குரிய நபரைத் தனியாகக் கரையிறங்க விடக்கூடாது. பொறுப்பான அலுவலர் ஒருவர் துறைமுக வாசல்வரை அழைத்துச் சென்று ஒப்படைக்க வேண்டும். அதுவரை பயணச் சீட்டு கிடைக்காது. ஊழியர்கள் எல்லோரும் அதே கப்பலில் இரவே துர்க்கு திரும்புகிறவர்கள். இறங்குவது ரவுனோ ஒருவர்தான்.

"சரி, யாராவது வாங்க," என்றார் ரவுனோ. மணி ஆறே கால்.

பொறுப்பான அலுவலர்களைத் தேடி அவர் புறப்பட்டார். முன்வரிசை அம்மையார் குழந்தைகளுக்கான, பந்துகள் நிறைந்த விளையாட்டுக் குளத்தில் கழுத்தளவு புதைந்திருந்தாள். கூப்பிட்டதற்கு ஒரு மஞ்சள் பந்தை வீசினாள். கவுக்கோ மட்டும் மேல்தளத்தில் தனியாக நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் வரக்கூடாதுங்க," என்றார் மெல்ல. "நான் அந்த அஞ்சு பேர்ல ஒருத்தன்." ரவுனோ தன் பட்டறையின் போன் நம்பரை ஒரு சீட்டில் எழுதி அவர் சட்டைப்பையில் வைத்துவிட்டு, கீழே ஓடினார்.

கப்பல் கரை சேர்ந்துவிட்டது. ஒலிபெருக்கியில் அறிவிப்பு. ரவுனோ கரோக்கே மேடைக்குப் போய், டாக்டர் உர்ப்போவின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கி, அவரைத் தோளில் தூக்கிப்போட்டுக்கொண்டார். கப்பல் தளத்தில் இரும்புக் குழாய் சுமந்த தோள். நூற்றுப் பத்துக் கிலோ நிதானம் அதன்மேல் கவிழ்ந்தது.

"எங்கே போறோம்?" என்றார் உர்ப்போ தலைகீழாக.

"நீங்க என்னைப் பத்திரமா கூட்டிட்டுப் போறீங்க."

"அருமை. கவலைப்படாதீங்க, என்னை இறுக்கமாப் பிடிச்சுக்கங்க."

பிர்யோ விதிப்படி எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள். அலுவலர் இருக்கிறார், நபர் இருக்கிறார். சீட்டைக் கொடுத்தாள்.

வெளிவாசலில் காவலர் வழிமறித்தார். தோளில் இருந்தவரின் நீல அட்டையையும், கீழே இருந்தவரின் சிவப்பு அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுல யார் குடிச்சிருக்கறது?"

"இவர்தான்," என்று தோளில் இருந்து ஒரு விரல் நீண்டு ரவுனோவின் காதைச் சுட்டியது. "என் பொறுப்புல கூட்டிட்டுப் போறேன். வழியை விடுங்க."

காவலர் நீண்ட நேரம் யோசித்தார். பிறகு வாழ்க்கையில் இன்னும் பல வருடம் இந்த வேலையைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தவர்போலக் கதவைத் திறந்துவிட்டார்.

*

துறைமுகக் கூடத்தின் அந்தக் கோடியில், சாம்பல் நிறக் கோட்டில் ரீக்கா நின்றிருந்தாள். தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். மற்றபடி அப்படியே இருந்தாள்.

அவள் பார்த்தது இது: கோட்டெல்லாம் நனைந்து, பழச்சாராய வாடை பத்தடிக்கு முன்னால் வர, அப்பா வருகிறார். தோளில் இன்னொரு குடிகாரன். அவன் பாடுகிறான்.

அவள் முகத்தில் எதுவும் மாறவில்லை. பையைத் தோளில் ஏற்றினாள். திரும்பி வாசலை நோக்கி நடந்தாள்.

"ரீக்கா!"

அவள் நிற்கவில்லை.

"ரீக்கா, நில்லு! நில்லுடீ! காலையிலேர்ந்து ஒரு நாற்பது பைத்தியத்தோட மல்லுக்கட்டிட்டு வரேன்! கொலைப்பட்டினி! பாதி உருளைக்கிழங்கைக் கடற்புள்ளு தின்னுடுச்சு! இந்தத் தடியன் என் மேல கிண்ணத்தைக் கவுத்தான், இவனையே நான் தூக்கிட்டு வரணுமாம், இவன் என்னைக் கூட்டிட்டு வரானாம்! ஊதுன்னா ஊதினேன், சுழியம் வந்தா மெஷின் கெட்டுப்போச்சாம்! முதுகு ஒடியுது! நீ பாட்டுக்குப் போற! போ! உன் இஷ்டம்! ஆனா இந்தச் சனியனை இறக்கி வைக்க ஒரு கை கொடுத்துட்டுப் போ!"

கூடமே திரும்பிப் பார்த்தது. ரீக்கா நின்றிருந்தாள். மெதுவாகத் திரும்பினாள்.

"அப்பா, நீ கோவமா இருக்க."

"பின்ன? கொஞ்சிக்கிட்டா இருப்பேன்?"

"குடிச்சா உனக்குக் கோவமே வராது." அவள் ஓரடி எடுத்து வைத்தாள். "எல்லாரையும் கண்ணேன்னுவ, தங்கம்னுவ. வழியில போற தபால்காரரைக் கட்டிப்பிடிச்சு அழுவ. இருபது வருஷத்துல நீ ஒரு தடவை கூட என்னை இப்படிக் கத்தினதில்ல."

"கத்தலையா?"

"இல்ல. எனக்கு அப்பான்னு ஒருத்தர் நேரா நின்னு கோவப்படறதை இப்பத்தான் பார்க்கறேன்." அவள் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. சிரிப்பை அடக்குகிறாள் என்று ரவுனோவுக்குப் புரிய நேரம் பிடித்தது.

இருவரும் சேர்ந்து டாக்டர் உர்ப்போவை ஒரு பெஞ்சில் இறக்கினார்கள். உர்ப்போ ஒரு கண்ணைத் திறந்தார். கடமை உணர்வு அவரைக் கைவிடவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து, 'மேற்படி நபர் பத்திரமாக ஒப்படைக்கப்பட்டார்' என்ற வரிக்குக் கீழே ஏறக்குறையக் கையெழுத்துப் போட்டார்.

"பெற்றுக்கொண்டவர் இங்கே," என்று பேனாவை ரீக்காவிடம் நீட்டினார்.

ரீக்கா படிவத்தை முழுக்கப் படித்தாள். "நல்ல நிலையிலா, சேதாரத்தோடயான்னு கேட்டிருக்கு. என்னன்னு போட?"

"ஏதாவது போடு," என்றார் ரவுனோ எரிச்சலோடு.

அவள் யோசித்து, ஒரு கட்டத்தில் அடையாளமிட்டுக் கையெழுத்துப் போட்டாள். எதில் என்று காட்டவில்லை. துறைமுகப் பணியாளர்கள் இரண்டு பேர் சாமான் வண்டியைக் கொண்டுவந்து இயக்குநரை ஏற்றிக் கப்பலுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். வண்டி திரும்பும் வரை அவர் கையசைத்தார்.

வெளியே வெளிச்சம் இன்னும் இருந்தது. "அந்தக் கோட்டைக் கழட்டு," என்றாள் ரீக்கா. "மூச்சு முட்டுது." அதைச் சுருட்டி ஒரு பைக்குள் திணித்து வாயை முடிந்தாள். பிறகு செல்போனை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, சொல்லலாமா வேண்டாமா என்பதுபோல நின்றாள்.

"அவகிட்ட யாரும் வரலன்னு சொல்லிட்டுத்தான் வந்தேன். எதுக்கும் இருக்கட்டும்னு. இப்போ மாத்திச் சொல்லணும்."

ரவுனோ வெறும் சட்டையில் காற்றில் நின்றார். குளிர் தெரியவில்லை. ரீக்கா போனைக் காதில் வைத்தாள்.

"கண்ணு, தூங்கிடாத. தாத்தா வராங்க."

போனுக்குள் ஒரு சின்னக் குரல் என்னவோ கேட்டது. ரீக்கா அப்பாவை ஏற இறங்கப் பார்த்தாள். காதில் ஒட்டியிருந்த ஆரஞ்சுத் துண்டை எட்டி எடுத்துத் தூரப் போட்டாள்.

"எந்தத் தாத்தாவா?" என்றாள். "கோவக்காரத் தாத்தா."